இரண்டுங்கெட்டான்

'முன்னோடி' என்ற சொல்லை நான் பல வருஷங்களாக யோசனையின்றி உபயோகித்து வந்திருக்கிறேன். விமர்சனம் எழுதுகிற நம்மில் பலருக்கும் அது கைவசம் இருக்கிற ஒரு சௌகரியமான சொல். ஒரு பழைய எழுத்தாளரைப் பாராட்டியாக வேண்டும், ஆனால் அவரை மறுபடி உட்கார்ந்து படிக்க மனசில்லை என்கிற சமயத்தில் அது கைகொடுக்கும். மரியாதை செய்த மாதிரியும் இருக்கும். எதையும் நிரூபிக்க வேண்டிய பொறுப்பும் இராது. சில மாதங்களுக்கு முன் இந்தச் சொல்லைப் பற்றி எனக்கு ஒரு அஞ்சலட்டை வந்தது. அதற்கு நான் பதில் எழுதவில்லை, எழுதத் தெரியவில்லை. பிறகு வேறு ஏதோ காரணத்துக்காக, அழிந்துபோன நாய்களைப் பற்றிய ஒரு புஸ்தகத்தைப் படித்தேன். பதில் அங்கே இருப்பதாகத் தோன்றியது. அஞ்சலட்டையைக் கடைசிக்கு வைத்துக்கொண்டு முதலில் நாய்களைச் சொல்கிறேன்.

சியாவோமிங் வாங், ரிச்சர்ட் டெட்ஃபோர்ட் என்ற இருவர் எழுதி 2008இல் வெளிவந்த புஸ்தகம் அது. நாய், ஓநாய், நரி எல்லாம் அடங்கிய குடும்பத்தின் 4 கோடி வருஷச் சரித்திரத்தைச் சொல்கிறது. இந்தக் குடும்பம் வட அமெரிக்காவில் தோன்றியது. 3 கோடி வருஷங்களுக்கு மேல் அந்தக் கண்டத்தை விட்டு வெளியே அடி வைக்கவில்லை. இன்றைக்கு 70, 80 லட்சம் வருஷங்களுக்கு முன்புதான், பேரிங் ஜலசந்தி நிலமாக இருந்த காலத்தில், இந்தப் பக்கம் வந்து சேர்ந்தது. நம் தெருமுனையில் படுத்துக் கிடக்கிற பிராணியின் வம்சாவளி அந்த வழியாக வந்ததுதான். ஆனால் என்னை நிறுத்தி வைத்தது இந்தக் குடும்பம் அல்ல. இதன் சரித்திரத்தில் ஓரமாக வந்து போகிற இன்னொரு குடும்பம். ஆங்கிலத்தில் அவற்றைக் கரடிநாய்கள் என்கிறார்கள்.

கரடிநாய்கள் கரடியும் அல்ல, நாயும் அல்ல. அவை தனியான ஒரு குடும்பம். ஏறக்குறைய 4 கோடி வருஷங்களுக்கு முன் தோன்றி, 70, 80 லட்சம் வருஷங்களுக்கு முன் முழுதுமாக மறைந்துபோயின. வட அமெரிக்கா, ஐரோப்பா, ஆசியா, ஆப்பிரிக்கா எல்லா இடங்களிலும் இருந்தன. ஆதியில் இருந்தவை மடியில் வைத்துக்கொள்ளக்கூடிய நாய்க்குட்டி அளவு. பிற்காலத்தில் வட அமெரிக்காவில் வாழ்ந்த ஒரு ஜாதி அரை டன் எடை இருந்திருக்கும் என்று எலும்பை அளந்து கணக்கிடுகிறார்கள். சில வகைகள் விரல்களை மட்டும் ஊன்றி நாயைப் போல நடந்தன. சில கரடியைப் போலப் பாதத்தைப் பதித்து நடந்தன. மொத்தத்தில் 3 கோடி வருஷங்களுக்கு மேற்பட்ட வாழ்க்கை. மனித ஜாதி இந்த உருவத்தில் இருந்து வருவது சுமார் 3 லட்சம் வருஷங்களாகத்தான். அதாவது அவற்றின் காலத்தில் நூறில் ஒரு பங்குகூட நாம் இன்னும் முடிக்கவில்லை.

இவற்றுக்கு முதலில் பெயர் வைத்தவர் எத்வார் லார்த்தே என்ற பிரெஞ்சுக்காரர். வக்கீலுக்குப் படித்தவர். பிரான்ஸின் தென்மேற்கில் ஸான்ஸான் என்ற கிராமத்தில் அகழ்ந்து எடுத்த எலும்புகளுக்கு 1836இல் ஆம்ஃபிசையன் என்று பெயரிட்டார். கிரேக்கத்தில் 'ஆம்ஃபி' என்றால் இரு பக்கமும். 'க்யோன்' என்றால் நாய். இரு பக்கமும் பார்க்கிற நாய், சந்தேகத்துக்குரிய நாய் என்று அர்த்தம் கொள்ளலாம். 15 வருஷம் கழித்து, 1851இல், அதே ஸான்ஸானில் கிடைத்த இன்னொரு பிராணிக்கு அதே லார்த்தே ஹெமிசையன் என்று பெயர் வைத்தார். அதாவது அரைநாய். அது கரடியின் கிளையைச் சேர்ந்தது என்று பின்னால் தெரிந்தது. இதனால் இன்று கரடிநாய் என்று ஒரு கூட்டமும் நாய்க்கரடி என்று ஒரு கூட்டமும் இருக்கின்றன. இரண்டும் வேறு வேறு. நம் பாஷையில் இதற்கெல்லாம் ஒரே சொல்லாக 'இரண்டுங்கெட்டான்' என்று முடித்திருப்போம். கிரேக்கச் சொல் 'இரண்டும்' என்பதோடு நிறுத்திக்கொள்கிறது. நாம் 'கெட்டான்' என்று தீர்ப்பும் சேர்த்துவிடுகிறோம்.

தீர்ப்பு கிரேக்கச் சொல்லிலும் மறைந்துதான் இருக்கிறது என்பது என் கட்சி. முதல் கரடிநாய் நடமாடிய காலத்தில் இன்று நாம் அறிகிற கரடி கிடையாது, நாயும் கிடையாது. எதனுடைய பாதியாகவும் அது இருந்திருக்க வழியில்லை. தன் வரையில் அது முழுசாக இருந்தது. அதைப் பாதி பாதியாக வெட்டியது பிழைத்து வந்தவற்றைக் கையில் அளவுகோலாக வைத்துக்கொண்டிருக்கிற நாம். தர்க்கப்படி பார்த்தால், கரடியையும் நாயையும்தான் கரடிநாயின் உடைந்த துண்டுகள் என்று சொல்லியிருக்கலாம். அதுவும் பிசகுதான். ஆனால் அந்தப் பிசகை யாரும் செய்யத் துணியவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். ஏனென்றால் நாயும் கரடியும் இருக்கின்றன, அது இல்லை. சிவாலிக் படிவுகளில் அகப்பட்ட ஒரு ஜாதிக்கு 1876இல் ரிச்சர்ட் லைடெக்கர் 'பழைய இந்திய' என்று பொருள்படும் பெயர் கொடுத்தார். அந்தப் பிராணிக்கு எந்த இந்தியாவும் தெரியாது. இருப்பவன் இல்லாதவனுக்குத் தன் விலாசத்தைக் கொடுத்துவிடுகிறான்.

நான் பாங்கியில் வேலை பார்க்கிறவன். அங்கே சஸ்பென்ஸ் கணக்கு என்று ஒன்று உண்டு. பணம் வந்துவிட்டது, யாருடையது, எந்தத் தலைப்பில் வரவு வைப்பது என்று தெரியவில்லை என்றால் தாற்காலிகமாக அதில் போட்டு வைப்போம். தாற்காலிகம் என்பது பல சமயம் பெயருக்குத்தான். ஆடிட்டர் கேட்கும் வரையில் அது அங்கேயே உறங்கும். ஆதி ஊனுண்ணிகளைப் பற்றிய சாஸ்திரத்திலும் இப்படி ஒரு கணக்கு இருந்திருக்கிறது: மையாஸிஸ் என்ற பேரினம். எந்தக் குடும்பத்திலும் பொருந்தாத சிறிய பிராணிகளை எல்லாம் வெகுகாலம் அதில் போட்டு வந்தார்கள். அப்படிப்பட்ட பெயர்களைக் குப்பைக்கூடைப் பெயர்கள் என்று அவர்களே சொல்லிக்கொள்கிறார்கள். டெக்ஸஸில் கிடைத்து, 1986இல் அந்தக் கூடையில் விழுந்த இரண்டு ஜாதிகளை 2016இல் ஸுஸுமு டொமியாவும் ஜாக் ஸெங்கும் மறுபடி எடுத்துப் பார்த்தார்கள். சிகாகோ ஃபீல்ட் மியூசியத்தின் இழுப்பறையில் இருந்த ஒரு தாடைதான் அவர்களை இதில் இழுத்துவிட்டது. அவை 3 கோடியே 70 லட்சம் வருஷங்களுக்கு முந்திய கரடிநாய்கள், அந்தக் குடும்பத்திலேயே மிகப் பழையவற்றில் சேர்ந்தவை என்று தெரிந்தது. ஒன்றுக்கு கஸ்டாஃப்ஸோனியா என்று புதுப் பெயர். 1986இல் அதைக் கூடையில் போட்டவரின் பெயர் கஸ்டாஃப்ஸன். அவரைக் கௌரவித்து வைத்த பெயர் அது. கூடையில் போட்டவர் தூக்கி எறியவில்லை. பார்த்து, அளந்து, எழுதி வைத்தார் என்பதற்கான நன்றி. எங்கள் பேரேடுகளில் இந்த நாகரிகத்தை நான் கண்டதில்லை.

இதையெல்லாம் ஒரு நண்பரிடம் சொன்னபோது அவர் கேட்டார்: "எலும்புக்கு என்ன அவமானம்? செத்து ஒரு கோடி வருஷம் ஆன பிராணியை நாய் என்றால் என்ன, கரடி என்றால் என்ன? அநியாயம் என்றால் யாருக்கு அநியாயம்?" நியாயமான கேள்வி. எலும்புக்கு இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். அநியாயம் நம் பார்வைக்கு நேர்கிறது. பின்னால் வந்ததைக் கொண்டு முன்னால் இருந்ததைப் பார்க்கிறவன் முன்னால் இருந்ததைப் பார்ப்பதில்லை என்பது ஒரு பக்கம். பின்னால் வந்தது எதிலிருந்து வந்தது என்பதையும் அவன் தவறவிடுகிறான் என்பது இன்னொரு பக்கம்.

இதற்கு டோமார்க்டஸ் உதாரணம். சுமார் ஒன்றரைக் கோடி வருஷங்களுக்கு முன் வட அமெரிக்காவில் இருந்த ஒரு நாய். சென்ற நூற்றாண்டில் வந்த நாய் வளர்ப்புப் புஸ்தகங்களில் முதல் அத்தியாயம் இதைக் கொண்டுதான் தொடங்கும். ஓநாய், நரி, வீட்டு நாய் எல்லாவற்றுக்கும் மூதாதை என்று இதற்குப் பட்டம். பார்ப்பதற்கு நாய் மாதிரி இருந்தது, கிடைத்த காலமும் தோதாக இருந்தது, போதாதா? வாங்கும் டெட்ஃபோர்டும் பெரில் டெய்லரும் 1999இல் வெளியிட்ட பெரிய ஆய்வில் அது போரோஃபேகஸ் கிளையைச் சேர்ந்தது என்று நிறுவினார்கள். எலும்பைக் கடித்து நொறுக்கும் நாய்கள் வந்த கிளை அது. அந்தக் கிளையில் இன்று ஒன்றும் மிச்சமில்லை. கடைசியாக இருந்ததும் ஏறக்குறைய 20 லட்சம் வருஷங்களுக்கு முன் போய்விட்டது. உண்மையான மூதாதைக் கிளை லெப்டோசையன் என்ற, நரியளவு இருந்த, ஒல்லியான பிராணியினுடையது. மற்றக் கிளைகள் கொழித்துக்கொண்டிருந்தபோது அது 2 கோடி வருஷங்களுக்கு மேல் சிறியதாகவே, அதிகம் பெருகாமலே இருந்திருக்கிறது. டோமார்க்டஸிடமிருந்து பட்டத்தைப் பிடுங்கியாகிவிட்டது. அதற்கப்புறம் நாய் வளர்ப்புப் புஸ்தகங்களுக்கு அதனால் உபயோகமில்லை. மூதாதை என்பதைத் தவிர அதைப் பற்றி அவர்கள் வேறு ஒன்றும் தெரிந்துகொள்ளவில்லை என்பது அப்போதுதான் வெளியாகிறது.

ஜாடை மோசம் செய்யும். ஒரே தொழில் செய்கிறவர்கள் ஒரே ஜாடைக்கு வந்துவிடுகிறார்கள். இருபது வருஷம் கவுண்ட்டரில் உட்கார்ந்த குமாஸ்தாக்களைப் பாருங்கள், எல்லோரும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் போல இருப்பார்கள். கரடிநாய்களின் பற்களை வைத்து இருபதாம் நூற்றாண்டில் வெகுகாலம் வரை அவற்றை நாய்க் குடும்பத்திலேயே சேர்த்து வைத்திருந்தார்கள். பல், தீனிக்குத் தக்கபடி மாறுவது. நெப்ராஸ்கா பல்கலைக் கழகத்தின் ராபர்ட் ஹன்ட் 1974இல் பல்லை விட்டுக் காதைப் பார்த்தார். மண்டையோட்டின் அடியில், நடுக்காதைச் சுற்றி ஒரு எலும்புக் கூடு இருக்கிறது. எந்தெந்த எலும்புகள் சேர்ந்து அதைக் கட்டுகின்றன என்பது குடும்பத்துக்குக் குடும்பம் வேறுபடும். ஆதி நாயான ஹெஸ்பரோசையனிலேயே அது நன்றாக உப்பி, மூடி, இன்றைய நாய்க்கு இருக்கிற அமைப்போடு இருக்கிறது. பழைய கரடிநாய்களில் அது எளிய, சிறிய, வேறு மாதிரியான அமைப்பு. நாய் என்ற தீர்ப்பு அப்படித்தான் தளர்ந்தது. எனக்கு இதில் பிடித்தது என்னவென்றால், ஹன்ட் பார்த்த இடம் யாரும் ஜாடை பார்க்கிற இடமல்ல. அந்தப் பிராணியின் உள்ளே, அது கேட்டுக்கொண்டிருந்த இடம்.

அழிந்துபோனதே ஒரு தீர்ப்பு ஆகாதா என்று கேட்கலாம். பிழைத்தது தேறியது, பிழைக்காதது தேறவில்லை என்று நினைக்க நமக்கு ஆசை. ஆனால் பிழைத்தவை இழந்ததை யாரும் கணக்கில் எழுதுவதில்லை. ஹெஸ்பரோசையன் முன்னங்கையைத் திருப்பக்கூடியது. கட்டிப் பிடிக்கவும், ஓரளவு மரமேறவும் அதற்கு முடிந்திருக்கும். காடு குறைந்து புல்வெளி விரிய விரிய, நாய்களின் முழங்கை மூட்டு ஓடுவதற்காக இறுகிக்கொண்டே வந்ததை அளந்து 2015இல் ஒரு ஆய்வு வெளிவந்தது. இன்றைய நாய் உள்ளங்கையைத் திருப்ப முடியாது. ஓட்டம் கிடைத்தது, கை போயிற்று. இதை வளர்ச்சி என்பதா, பண்டமாற்று என்பதா? 2004இல் இன்னொரு ஆய்வு, உடல் பெருத்து, இறைச்சியை மட்டுமே நம்பிய நாய் ஜாதிகள் குறைந்த காலமே நீடித்தன என்று காட்டியது. இதை வைத்துக்கொண்டு 'சிறியது வெல்லும், ஆடம்பரம் அழியும்' என்று நீதி எழுதவும் நான் தயாராக இல்லை. சிறுபத்திரிகைக்காரர்களான நமக்கு அந்த நீதி மிகவும் இனிக்கும் என்பதாலேயே அதைச் சந்தேகிக்க வேண்டும். லெப்டோசையனை அதன் சந்ததிக்காக மெச்சுவதும் டோமார்க்டஸைச் சந்ததியில்லை என்று கைவிடுவதும் ஒரே பிழை.

அப்படியானால் எப்படித்தான் பார்ப்பது? நெப்ராஸ்காவின் மேற்கே அகேட் என்ற இடத்தில் ஒரு சிறு அகழ்விடம் இருக்கிறது. கார்னெகி மியூசியத்துக்காக பீட்டர்ஸன் என்பவர் 1904, 1905 வருஷங்களில் அங்கே கரடிநாய் எலும்புகளை எடுத்துப் போனார். அப்புறம் அந்த இடமே மறந்துபோயிற்று. 1981இல் ஹன்ட்டும் அவர் மாணவர்களும் மறுபடி அதைக் கண்டுபிடித்தார்கள். அவர்கள் எலும்பைவிட மண்ணை அதிகம் பார்த்தார்கள். எலும்புகள் கிடந்தவை சும்மா பள்ளங்கள் அல்ல, வளைகள் என்று புரிந்தது. 2 கோடி வருஷங்களுக்கு முன் கரடிநாய்கள் வாழ்ந்த வளைகள். வளர்ந்தவையும் குட்டியும் அங்கே செத்து, வெள்ள மண் மூடியிருந்தது. 1983இல் இதை எழுதினார்கள். பீட்டர்ஸன் கொண்டுபோனது ஒரு பெயருக்கு வேண்டிய சாமான்கள். ஹன்ட் கண்டது ஒரு வீடு. சற்றுத் தொலைவில் வற்றிய நீர்க்குட்டையில் நூற்றுக்கணக்கில் சிறு காண்டாமிருகங்களின் எலும்புகள் கிடக்கின்றன. அப்படிப்பட்ட பூமியில் அந்தத் தாய் வளைக்குள் குட்டி போட்டது. எதற்கும் முன்னோட்டமாக அல்ல.

சரித்திரமே எழுதக்கூடாது என்று நான் சொல்லவில்லை. எது எதிலிருந்து வந்தது என்று கேட்பதில் தப்பில்லை. ஹன்ட் காதெலும்பைப் பார்த்ததும் அந்தக் கேள்வியோடுதான். ஆனால் உறவு சொல்வது வேறு, முன்னோடி என்பது வேறு. உறவு சொல்லும்போது இரண்டு பேரும் நிற்கிறார்கள். முன்னோடி என்னும்போது ஒருவன் நிற்கிறான், இன்னொருவன் அவனுக்காக ஓடிக்கொண்டிருக்கிறான். நிற்பவன் எப்போதும் நம் காலத்தவனாக இருப்பது தற்செயல் அல்ல.

இப்போது அஞ்சலட்டை. சென்ற வருஷம், எண்பதைத் தாண்டிய ஒரு கவிஞரின் பழைய தொகுப்பு மறுபதிப்பாக வந்தபோது நான் மதிப்புரை எழுதினேன். வசனமும் கவிதையும் கலந்த அந்த வடிவத்துக்கு அவர் முன்னோடி என்று எழுதினேன். அதைவிடப் பெரிய பாராட்டு இல்லை என்று அப்போது நம்பினேன். பெரியவர் எழுதியிருந்தார்: "தம்பி, மதிப்புரை பார்த்தேன். சந்தோஷம். நான் அவற்றை எழுதினபோது எனக்குப் பின்னால் யாரும் வருவதாகத் தெரியாது. வீட்டுக்கு எதிரே ஒரு கிணறு இருந்தது, அதைப் பார்த்துத்தான் எழுதினேன். நீங்கள் கிணற்றைப் பற்றி ஒன்றுமே சொல்லவில்லையே."

அவர் இருக்கிறார். இது இரங்கல் கட்டுரையாக ஆவதற்கு முன் எழுதிவிட வேண்டும் என்றுதான் எழுதுகிறேன். நேற்று ராத்திரி என் மதிப்புரையை எடுத்து வைத்துக்கொண்டு, 'முன்னோடி' வருகிற இடங்களையும், பின்னால் வந்த கவிஞர்களின் பெயர்கள் வருகிற வரிகளையும் பென்ஸிலால் அடித்துப் பார்த்தேன். இரண்டரைப் பக்கத்தில் மிஞ்சியது தொகுப்பின் தலைப்பும் விலையும் பக்க எண்ணிக்கையும், அட்டை நன்றாக இருக்கிறது என்ற ஒரு வாக்கியமும்தான். அந்தத் தொகுப்புக்கு நான் இன்னும் மதிப்புரை எழுதவில்லை.